பெரியப்பா அனுப்பினால் பொய்யும் மெய்யாகுமா?

சின்ன வயதில் பாட்டி சொன்ன அந்தக் கதை ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஊரில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை. வாந்தி எடுத்தார். அது கொஞ்சம் கறுப்பாக இருந்தது. பார்த்தவர் பக்கத்து வீட்டில் போய், "பாவம், காக்கா நிறத்துல வாந்தி எடுத்தாருங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த தெருவில் சொன்னபோது, "காக்காயாவே வாந்தி எடுத்தாராம்" என்று ஆனது. ஊர்க்கோடிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோதோ... "வாயைத் திறந்தாரு, காக்கா காக்காயா பறந்து போச்சு! எங்க மச்சான் கண்ணால பாத்திருக்கான்!"

விழுந்து விழுந்து சிரித்தோம். 'இதையெல்லாமா நம்புவாங்க?' என்று பாட்டியையே கேட்டோம்.

இப்போது உங்கள் செல்போனை எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்கள். நான்கைந்து காக்காய்களாவது உட்கார்ந்திருக்கும்!

அதில் ஒரே ஒரு காக்காயை மட்டும் இன்றைக்குப் பிடித்துப் பார்ப்போம். கொஞ்சம் ஆபத்தான காக்காய். பல வருஷமாகப் பறந்துகொண்டிருக்கிறது. முதலில் ஆங்கிலத்தில் ஈ-மெயிலாக வந்தது. பிறகு தமிழ் கற்றுக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஏறிக்கொண்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் சாரம் இதுதான்: யாருக்காவது ஸ்ட்ரோக் வந்தால் அவரை அசைக்கக் கூடாது. ஒரு ஊசியை நெருப்பில் காட்டிவிட்டு, பத்து விரல்களின் நுனியிலும் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். வாய் கோணியிருந்தால் காது மடலைச் சிவக்கும்வரை இழுத்துவிட்டு அங்கேயும் குத்த வேண்டும். சில நிமிஷங்களில் ஆள் சரியாகிவிடுவார். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்!

கடைசியில் வழக்கம்போல, 'ஒரு உயிரைக் காப்பாற்ற இதை எல்லோருக்கும் அனுப்புங்கள்.'

இதை உங்களுக்கு அனுப்பியது யார்? முன்பின் தெரியாதவரா? இல்லை. உங்கள் பெரியப்பா. உங்கள் படிப்புக்கு பீஸ் கட்டியவர். உங்கள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். அவருக்கு உங்களிடம் பொய் சொல்ல என்ன அவசியம்? ஒரு அவசியமும் இல்லை. நீங்கள் நம்புவதற்கு முதல் காரணமே அதுதான்.

நாலரை மணி நேரம்

அந்த ஊசி ஏன் ஆபத்து என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்புவது ஏன் என்பதை அப்புறம் அலசலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா காபி குடித்துக்கொண்டிருக்கிறார். டம்ளர் கை நழுவி விழுகிறது. "என்னப்பா ஆச்சு?" என்கிறீர்கள். பதில் குழறுகிறது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. வலது கையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை.

இது பக்கவாதம். பெரும்பாலானவர்களுக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொள்வதால் வருகிறது. மற்றவர்களுக்கு ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவதால் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்குச் சிலருக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கலாம். அது யாருக்கு என்பதை ஸ்கேனைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் மூளையில் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துப் போகின்றன என்று 2006-ல் ஒரு அமெரிக்க நரம்பியல் டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஊசியைத் தேடி, நெருப்பில் காட்டி, பத்து விரலிலும் குத்தி, 'சரியாகிறாரா' என்று காத்திருந்து பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்? பத்து? இருபது? பெருக்கிப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

விரல் நுனியில் சொட்டும் ரத்தத்துக்கும் மூளைக்குள் அடைத்திருக்கும் கட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேல்மாடித் தண்ணீர்க் குழாயில் அடைப்பு என்றால் தெருமுனைக் குழாயைத் திறந்துவிட்டு என்ன பயன்?

"ஆனால் எங்க ஊர்ல ஒருத்தருக்குக் குத்தினாங்க, சரியாச்சே!" என்பீர்கள். ஆகியிருக்கலாம், மறுக்கவில்லை. சிலருக்கு அடைப்பு வந்து, சில நிமிஷங்களிலோ சில மணி நேரத்திலோ தானாகவே விலகிவிடும். கோணிய வாய் நேராகும். கை தூக்க வரும். ஊசி குத்தியிருந்தால் ஊசிக்கு நல்ல பெயர். விபூதி பூசியிருந்தால் விபூதிக்கு. ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் அவருக்குச் சரியாகியிருக்கும். இதில் ஒரு வில்லங்கம் வேறு உண்டு. இப்படி வந்து போவது, அடுத்த சில நாட்களில் பெரிய பக்கவாதம் வரலாம் என்பதற்கான எச்சரிக்கை மணி. 'சரியாயிடுச்சு' என்று வீட்டிலேயே இருந்துவிட்டால், மணி அடித்ததே வீண்.

குத்தியும் சரியாகாதவர்களின் வீட்டிலிருந்து 'எங்களுக்குப் பலிக்கவில்லை' என்று யாரும் ஃபார்வர்ட் அனுப்புவதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். துக்க வீட்டில் யாருக்கு அதற்கு மனசு வரும்? ஆகையால் பலித்த கதை மட்டும்தான் ஊர் சுற்றும்.

நம்புகிறவர்கள் முட்டாள்களா?

'படிக்காதவங்கதான் இதையெல்லாம் நம்புவாங்க' என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்ஜினீயர் குரூப்பிலும் வருகிறது, பேராசிரியர் குரூப்பிலும் வருகிறது. 'வயசானவங்கதான்' என்பது இன்னொரு எண்ணம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக்கில் பொய்ச் செய்திகளைப் பகிர்ந்தவர்களை ஆராய்ந்தபோது, 65 வயதைத் தாண்டியவர்கள் இளைஞர்களைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு பகிர்ந்திருந்தார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், பத்தில் ஒன்பது பேர் ஒரு பொய்யைக்கூடப் பகிரவில்லை! எனவே தாத்தா பாட்டிகளை மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டவன்தான். 'தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், பிழைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு செய்தி வருமே, அதைச் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பி வைத்தேன். அனுப்பிவிட்டு, ஏதோ ரத்த தானம் செய்த மாதிரி ஒரு திருப்தி வேறு! பிறகு ஒரு இதய டாக்டர் விளக்கினார். ஆஸ்பத்திரியில், மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க, ஆஞ்சியோ செய்யும்போது திடீரென்று இதயத் துடிப்பு தாறுமாறானால், நினைவோடு இருக்கும் நோயாளியைச் சில விநாடி இருமச் சொல்வது உண்டாம். அந்த ஒரு துளி உண்மையை எடுத்து, அதைச் சுற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வீட்டில் தனியாக இருப்பவர் நெஞ்சுவலி வந்ததும் இருமிக்கொண்டு உட்கார்ந்தால், போன் செய்ய வேண்டிய நேரம்தான் போகும். அமெரிக்க இதயச் சங்கமும் இந்த வழியைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கவில்லை.

முழுப் பொய்யை நாம் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை, கவனித்தீர்களா? முக்கால் பொய்தான் உள்ளே நுழையும். 'ஆஸ்பத்திரி', 'ரத்தம்', 'நரம்பு', 'பேராசிரியர்' என்று நாலு நிஜமான சொற்கள் அதற்குக் காவலுக்கு வரும்.

திரும்பத் திரும்பக் கேட்டால்...

அமெரிக்காவில் 1977-ல் மூன்று உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து 60 வாக்கியங்களைக் கேட்கச் செய்து, 'எது உண்மை என்று தோன்றுகிறது?' என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். இன்னும் இரண்டு வாரம் கழித்து மறுபடியும். ஒவ்வொரு தடவையும் சில வாக்கியங்கள் மட்டும் பழையவை, மற்றவை புதியவை. என்ன ஆயிற்று தெரியுமா? திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியங்களுக்கு, அவை பொய்யாகவே இருந்தாலும், 'உண்மை' மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது!

'தெரியாத விஷயம் என்பதால் ஏமாந்திருப்பாங்க' என்று தோன்றுகிறதா? 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வு நம் ஊர்ப் பெண்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்துகிற, மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் 'சேலை' என்பது அதில் வந்த பொய்களில் ஒன்று! சேலை என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்களுக்குக்கூட, இந்த மாதிரி வாக்கியத்தை இரண்டாம் தடவை பார்க்கும்போது முதல் தடவையைவிடக் கொஞ்சம் உண்மை போலத் தோன்றியது. அதாவது, தெரிந்து வைத்திருப்பது மட்டும் கவசம் ஆகாது.

ஏன் இப்படி? மூளை ஒரு சிக்கனக்காரக் குடும்பத் தலைவி மாதிரி. ஒவ்வொரு விஷயத்தையும் ஆதியிலிருந்து விசாரிக்க அதற்கு நேரமில்லை. 'இது ஏற்கெனவே கேள்விப்பட்டதுதானே' என்றால் கதவைத் திறந்துவிடும். பழகிய முகம் என்றால் யார், எவர் என்று கேட்காமல் உள்ளே விடுகிறோமே, அப்படி. ஆதிகாலத்திலிருந்து இந்தப் பழக்கம் நமக்கு நன்மைதான் செய்திருக்கிறது. ஊரில் பத்துப் பேர் தனித்தனியாக வந்து 'அந்தக் காய் விஷம்' என்றால் அது பெரும்பாலும் விஷமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் பத்துப் பேரிடமிருந்து வருவது பத்து பேர் சொன்னது இல்லை. ஒருத்தர் எழுதியதைப் பத்துப் பேர் விரலால் தட்டிவிட்டது. பெரியப்பாவும் சொன்னார், ஆபீஸ் தோழியும் சொன்னாள், அபார்ட்மென்ட் செக்ரட்டரியும் சொன்னார் என்று மனசு மூன்று சாட்சி எழுதிக்கொள்கிறது. உண்மையில் ஒரு சாட்சிகூட இல்லை.

பயம் என்னும் பெட்ரோல்

அந்தக் காலத்தில் தபால்கார்டு வருமே, ஞாபகமிருக்கிறதா? 'இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பியவருக்குப் புதையல் கிடைத்தது, கிழித்தெறிந்தவர் ரத்தம் கக்கினார்' என்று! அதை எழுத வேண்டுமானால் கார்டு வாங்க வேண்டும், கை வலிக்க எழுத வேண்டும், தபால் பெட்டிவரை நடக்க வேண்டும். பாதிப் பேர் சோம்பலாலேயே விட்டுவிடுவார்கள். நம் சோம்பல் அன்றைக்கு நாட்டுக்குப் பெரிய சேவை செய்தது! இன்றைக்கு ஒரு விரல் போதும், காசும் செலவில்லை.

பயமோ, ஆச்சரியமோ, அருவருப்போ கிளம்பினால் விரல் தானாக நகரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளை அலசி, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தியை மறுபகிர்வு செய்யும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவிகிதம் அதிகம். 1,500 பேரை எட்ட, பொய்யைவிட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. 'கம்ப்யூட்டர் எந்திரங்கள்தான் பரப்புகின்றன' என்று நினைத்துத் தேடினால், பெரும்பாலும் வேலை பார்த்தது மனிதர்களேதான்.

உண்மைக்கு ஏன் இந்தக் கதி? அது சாதுவானது. 'உப்பைக் குறையுங்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், தினமும் நடங்கள்' என்பது மெய். யாராவது இதை நடுராத்திரியில் பரபரப்பாக ஃபார்வர்ட் செய்து பார்த்திருக்கிறீர்களா?

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. குழந்தை கடத்துகிறவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கிடந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. காரிலிருந்த 65 வயதுப் பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். அந்த வருஷம் இப்படி நாட்டின் பல இடங்களில் உயிர்கள் போன பிறகுதான், வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது.

காக்கை உட்கார...

பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஒன்றுக்கு அடுத்து இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிச்சுப் போட்டுவிடுவோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

நடிகர் விவேக்கை மறக்க முடியுமா? 2021 ஏப்ரல் 15-ம் தேதி, மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, சென்னையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் கேமராக்களுக்கு முன்னால் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி விடியற்காலையில் போய்விட்டார். நாடே அழுதது. அன்றைக்கே வாட்ஸ்அப்பில், 'பார்த்தீர்களா, தடுப்பூசிதான் கொன்றது' என்று கிளம்பிவிட்டது. அவருடைய இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் முழுதுமாக அடைத்திருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அப்படி ஒரு அடைப்பு ஒரே நாளில் திடீரென்று முளைப்பதில்லை. அதற்கான கொழுப்பு வருஷக்கணக்கில் படிகிறது. தேசிய அளவிலான நிபுணர் குழு விசாரித்து, மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை என்று அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. ஏப்ரலில் பயந்தவர்களில் எத்தனை பேர் அக்டோபர் அறிக்கையைப் படித்திருப்பார்கள்? நடுவில்தானே இரண்டாவது அலை வந்து அத்தனை பேரை அள்ளிக்கொண்டு போனது!

இதை ஒரு அம்மாவின் மனசிலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுவரை எல்லோருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பள்ளிக்கூடத்திலேயே போடுவதாக ஏற்பாடு. அதற்குள் வாட்ஸ்அப் முந்திக்கொண்டது. 'போடாதீர்கள், பிள்ளைக்கு ஆபத்து' என்று பெயர் தெரியாத குரல்கள். பல பெற்றோர் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டியது மார்ச்சுக்கு நீண்டது.

ரூபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு வந்தால்தான் விபரீதம். பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், கண்ணில் புரை இருக்கலாம், இதயத்தில் கோளாறு இருக்கலாம். இந்தப் பக்கம், இன்னும் பிறக்காத ஏதோ ஒரு குழந்தை. அந்தப் பக்கம், நாளைக் காலை என் கண் முன்னால் என் பிள்ளையின் கையில் ஏறப்போகும் ஊசி. எதற்குப் பயப்படுவாள் அம்மா? அவளை நான் குறை சொல்ல மாட்டேன். 'ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டால் என் மேல் தப்பில்லை' என்று மனசு சொல்கிறது. செய்யாமல் விட்டதற்கும் விளைவு உண்டு என்பது உடனே கண்ணில் தெரிவதில்லை.

அந்த இயக்கத்தைப் பற்றித் தமிழ்நாட்டுப் பெற்றோரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக் செய்திகளைப் பார்த்தவர்களிடம் மறுப்பு அதிகம் இருந்தது. அரசு தரும் சுகாதாரத் தகவல்மீது நம்பிக்கை வைத்திருந்தவர்கள் தயங்காமல் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் எல்லாம் யாரை நம்புகிறோம் என்பதில்தான் வந்து நிற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியிருந்தால், அந்த ஊரில் ஃபார்வர்டுக்கு வேலை இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். அதட்டினால் யார்தான் கேட்பார்கள்?

விரல் நகரும் முன்...

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரு பிரிவினரிடம், 'இந்தத் தலைப்பு உண்மையா?' என்று கேட்டார்கள். உண்மையையும் பொய்யையும் ஓரளவு சரியாகவே பிரித்துவிட்டார்கள். இன்னொரு பிரிவினரிடம், 'இதைப் பகிர்வீர்களா?' என்று மட்டும் கேட்டார்கள். இவர்கள் உண்மை, பொய் பார்க்கவே இல்லை. அதாவது, நமக்குப் புத்தி இருக்கிறது. அனுப்பும் அவசரத்தில் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். 'இது நிஜமா?' என்று ஒரு தடவை ஞாபகப்படுத்தினாலே பொய்யைப் பகிர்வது குறைந்தது.

ஆகவே, செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி தெரிகிறதா என்று பாருங்கள். அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். எழுதியவர் யாரென்று உங்கள் பெரியப்பாவுக்கே தெரியாது. தேதி இருக்கிறதா? 'நேற்று' என்று இருந்தால் எந்த வருஷத்து நேற்று? டாக்டர் பெயர் போட்டிருந்தால் அப்படி ஒருவர் இருக்கிறாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, அது உங்களை என்ன செய்யச் சொல்கிறது? மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடச் சொன்னாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் குடும்ப டாக்டரைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது?

இதுதான் கஷ்டமான இடம்! தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் பையன் குரூப்பிலேயே, 'இது ஃபேக், தாத்தா. செக் பண்ணாம அனுப்பாதீங்க' என்று போட்டுவிடுகிறான். நாற்பது பேருக்கு முன்னால் மூத்தவருக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் அவர் உண்மையைப் பற்றி யோசிக்க மாட்டார், மரியாதையைப் பற்றித்தான் யோசிப்பார். அடுத்த வாரம் அதே செய்தியை இன்னும் நாலு குரூப்பில் போடுவார்.

குரூப்பில் வேண்டாம். சாயங்காலமாகப் போன் போடுங்கள். முதலில் சாப்பிட்டாரா, சுகர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் நைஸாக ஆரம்பியுங்கள்.

"பெரியப்பா, ஸ்ட்ரோக் பத்தி அனுப்பியிருந்தீங்களே, பாத்தேன். எங்க மேல எவ்வளவு அக்கறைன்னு நினைச்சேன். அதைப் பத்தி எங்க டாக்டர்கிட்டயும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"நாலரை மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, கட்டியைக் கரைக்க மருந்து இருக்காம். வாய் கோணுதா, ஒரு கை தொங்குதா, பேச்சு குழறுதான்னு மூணே மூணு பாக்கணுமாம். ஒண்ணு இருந்தாலும் மணி என்னன்னு குறிச்சுக்கிட்டு உடனே 108-க்குப் போன் பண்ணணுமாம். ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரியாப் போகணுமாம்."

"அப்போ ஊசி?"

"குத்திக்கிட்டு நின்னா அந்த நேரம் போயிடுமாம், பெரியப்பா. தண்ணிகூடக் குடுக்க வேணாம், புரையேறும்னு சொன்னார். ஆஸ்பிரின் மாத்திரையும் நாமளாக் குடுக்கக் கூடாதாம். உள்ளே ரத்தக் கசிவா இருந்தா வினையாயிடுமாம்."

கவனித்தீர்களா? 'நீங்கள் அனுப்பியது பொய்' என்ற வாக்கியம் இதில் எங்கேயும் இல்லை. பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி மறுத்தால், அந்தப் பொய்தான் இன்னும் பழகிப்போகும். அதனால் மெய்யை முதலில் சொன்னோம். ஊசி இருந்த இடத்தில் வேறொரு வேலையையும் கொடுத்துவிட்டோம். மணியைக் குறிப்பது, 108-க்குப் போன் செய்வது. ஆபத்து நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாராலும் முடியாது. ஊசியைப் பிடுங்கினால் போனைக் கையில் கொடுக்க வேண்டும்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். "இதை நீங்களே குரூப்ல போடுங்க பெரியப்பா. நான் சொன்னா யார் கேப்பா? நீங்க சொன்னா கேப்பாங்க" என்று சொல்லிப் பாருங்கள். எந்த மரியாதையால் பொய் பரவியதோ, அதே மரியாதையால் மெய்யும் பரவட்டுமே!

அவர் போட்டுவிடுவார். பெரும்பாலும் அன்றைக்கு ராத்திரியே போட்டுவிடுவார். மறுநாள் காலையில் உங்களுக்கே போன் வரும்:

"நேத்து சொன்னது நல்லா இருந்துச்சுப்பா. அது சரி... டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறுன்னு ஒண்ணு வந்திருக்கே, அதையும் உங்க டாக்டர்கிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"